மல்கம் கையைக் கட்டிக்கொண்ட கதை

மல்கமுக்குப் பாசிக்குடா ஹோட்டல் வேலை கிடைக்காமல் போனதற்கு ஒரு சொல்தான் காரணம். அதை எழுதியவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்து, தமிழ் சிங்களம் இங்கிலீசு என்று மூன்றிலும் கடிதம் எழுதிக் களைத்தவன், ஒரு சொல் எந்த இடத்தில் என்ன பேயாட்டம் ஆடும் என்று அறியாதவனா? அறிந்தவன்தான். அன்றைக்குக் களைப்பு. என் வாழ்க்கையில் நான் விட்ட பிழைகளில் முக்கால்வாசி களைப்பில் விட்டவை. மிச்சத்தைப் பற்றிப் பேச இது இடமில்லை.

மல்கமை நான் அறிந்ததே ஒரு பட்டியலால்தான். சுனாமி அடித்த மறுநாள் கச்சேரியில் ஆளுக்கொரு வேலை பிரித்துக் கொடுத்தார்கள். எனக்குக் கடலோடு சேருகிற வாவியின் கரையில் ஒரு மேசை, ஒரு கொப்பி, மூக்கில் கட்ட ஒரு துணி. கரைக்குக் கொண்டுவரும் உடல்களை எழுத வேண்டும். ஆணா பெண்ணா, உத்தேச வயது, உடுப்பின் நிறம், ஏதும் அடையாளம். கொண்டுவந்தவர்களில் ஒருவன் மல்கம். கடற்கரை டச்பாரில், போர்த்துக்கீசர் வழி வந்த பறங்கிக் குடும்பத்து ஆள், படகு எஞ்சின் திருத்துவதும் வெல்டிங்கும் தொழில். இளவயதில், கடலடியில் கிடந்த பழைய கப்பல் இரும்பை வெட்டி எடுத்த ஒரு கூட்டத்தோடு போய்ச் சுழியோடப் பழகியிருந்தான். சண்டை வந்து கடலுக்குத் தடை போட்டதும் அந்தப் பிழைப்புப் போய், முகக்கண்ணாடி மட்டும் மிஞ்சியது. அதைப் போட்டுக்கொண்டு ஒன்பது நாள் வாவிக்குள் இறங்கினான்.

கண்ணாடியால் ஒரு பிரயோசனமும் இல்லை. தண்ணீர் அப்படிக் கலங்கிக் கிடந்தது. நீட்டிய கை தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அடிக்குப் போய், இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவித்தான் தேட வேண்டும். தலைமயிர் தட்டுப்படும். துணி தட்டுப்படும். சில நேரம் கரையோரக் கண்ணாமரத்து வேராக இருக்கும். அவன் தூக்கிக்கொண்டு வருவான், நான் எழுதுவேன். அதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை. பத்தாம் நாள் காலை வெறுங்கையோடு மேசைக்கு முன்னால் வந்து நின்றான்.

"கிளாக்கர் ஐயா, பச்சைச் சட்டை, வயசு முப்பத்தெட்டு, இடது கையில மணிக்கூடு. அப்பிடி ஒண்டு உங்கட கொப்பியில இரிக்கா?"

எல்லாப் பக்கத்தையும் புரட்டினேன். இல்லை. அது அவனுடைய தங்கை எறிக்கா. ஒன்பது நாளும் அவன் தேடியது அவளைத்தான். நான் எழுதிய மற்றவர்கள் எல்லாரும் அவளைத் தேடும்போது கையில் தட்டுப்பட்டவர்கள். எறிக்கா கடைசிவரை கிடைக்கவில்லை.

அதற்குப் பிறகு மல்கமும் மனைவி மேர்டிலும் டச்பாரை விட்டு எங்கள் ஒழுங்கைக்கே, பக்கத்து வீட்டுக்குக் குடிவந்தார்கள். மேர்டில் அந்தக் கண்ணாடியைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டாள். ஐந்து வருஷத்துக்கு மேல் மல்கம் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கவில்லை. கிணற்றடியில் குளிக்கும்போதுகூட வாளியை எட்டத்தில் வைத்துக்கொள்வான்.

இரண்டாயிரத்துப் பத்தாம் ஆண்டு, சண்டை முடிந்து ஒரு வருஷம். பாசிக்குடாவில் ஹோட்டல் மேல் ஹோட்டலாக எழும்பத் தொடங்கியது. அதிலொன்றுக்கு ஷேன் என்று ஒரு கொழும்புப் பொடியன் சுழியோடல் பொறுப்பாளராக வந்தான். வெள்ளைக்காரரைக் கடலுக்குள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதற்கு உள்ளூர் ஆள் வேண்டுமாம். படகு எஞ்சின் திருத்தப் போன இடத்தில் மல்கமின் பழைய கதை அவன் காதில் விழுந்து, வாருங்கள் பார்ப்போம் என்று கூப்பிட்டுவிட்டான். வெல்டிங் வெளிச்சத்தில் மல்கமுக்குக் கண் கெட்டுக்கொண்டு வந்தது. மாதச் சம்பளத்துக்கு ஒரு வேலை என்றால் யாருக்குத்தான் கசக்கும்? ஆனால் மேர்டில் பெட்டியைத் திறந்து கண்ணாடியை எடுத்துக் கொடுத்தது சம்பளத்துக்காக இல்லை. அவள் சொன்னதை மதிலுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

"தேடாமத் தண்ணிக்குள்ள ஒருக்காப் போய்ட்டு வாங்க மல்கம். ஒருக்கா எண்டாலும்."

ஷேன் குடாவின் கரையோரத்தில் அவனை இறக்கிப் பார்த்திருக்கிறான். மூச்சு நல்லம், நிதானம் நல்லம். ஆனால் கை! இடுப்பளவுத் தண்ணீரில், அடியில் கிடக்கும் மணலையெல்லாம் அள்ளித் தேய்த்துத் தடவிக்கொண்டு போகிறானாம். கண்ணாடி போலத் தெளிந்த தண்ணீரில், அடி பளிச்சென்று தெரியும் இடத்தில்.

"நீங்க என்ன தேடுறீங்க அங்கிள்?" என்று ஷேன் கேட்டானாம்.

வழிகாட்டியின் கை அசையக் கூடாது. அசைந்தால் மணல் கிளம்பிப் பின்னால் வருகிறவனுக்கு ஒன்றும் தெரியாது, பவளம் வளர்கிற முருகைக் கல் உடையும். கையைக் கட்டிக்கொண்டு போக வேண்டும். செப்டெம்பர் முடிவதற்குள் நாற்பது தடவை சுழியோடி, ஒவ்வொரு தடவையையும் ஒரு கொப்பியில் எழுதி, கூட இறங்குகிற ஆளின் கையெழுத்து வாங்கிக்கொண்டு வரச் சொன்னான் ஷேன். சுனாமியில் இறங்கியது எல்லாம்? எழுத்தில் இல்லாதது சேராது என்றான். குடாவுக்குள் ஆழம் போதாது. வெளிக்கடலுக்கு நேவியின் அனுமதி வேண்டும், அது எப்போது வருமென்று தெரியாது. அதுவரைக்கும் ஆழமான தண்ணீர் எங்கே இருக்கிறதென்று நீங்களே தேடிப் பிடியுங்கள், கடைசி மூன்று தடவை மட்டும் கடலில் செய்தால் போதும் என்று இரண்டு காற்றுச் சிலிண்டரும் கொடுத்துவிட்டான். இன்னொன்றும் சொன்னான்.

"கூட வாறவருக்குச் சுழியோடத் தெரிஞ்சிருக்க வேணும். தெரியாதவரோட போனா அது உங்கட பயிற்சி இல்ல. நீங்க அவரக் காப்பாத்துறது."

தெரிந்தவன் என்று மல்கம் கூட்டி வந்தது கோணாமலையை. வவுணதீவுப் பக்கத்து மீன்பிடிகாரன், நாற்பது வயது, தோணி எஞ்சின் திருத்த மல்கமிடம் வந்து பழக்கம். பேச்சு மிகவும் கொஞ்சம். எங்கே பழகினாய் என்று ஷேன் கேட்டதற்கு, கடலட்டை பிடிக்கப் போன இடத்தில் என்றான். ஷேன் ஹோட்டல் நீச்சல் தடாகத்தில் இறக்கிப் பார்த்துவிட்டு, "முன் அனுபவம் உண்டு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டான்.

கரையில் ஒரு ஆள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமென்பதும் விதி. ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருக்கிற, நீந்தத் தெரியாத, இரண்டு முழங்காலிலும் வாதம் பிடித்த ஆள் ஒழுங்கையில் ஒருவர்தான். மல்கமின் ஓட்டோவில் சிலிண்டர்களுக்கும் எனக்கும் சரிபாதி இடம். ஒவ்வொரு ஆமிக் காவலரணிலும் இறங்கி, இது வெடிக்கிற சாமான் இல்லை, காற்று என்று சிங்களத்தில் சொல்வதும் என் வேலையாயிற்று. உள்ளே காற்றுத்தான் இருக்கிறதென்பதை எப்படி ஐயா திறந்து காட்டுவது?

முதலில் வாவிக்குப் போனோம், வவுணதீவுக் கரைக்கு. இடம் நல்லதுதான், ஆழமும் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் சுழியோடி என்றால் ஒரே அர்த்தம். இவர்கள் இறங்கிக் கால்மணி நேரம் ஆகவில்லை, கரையில் சனம் கூடிவிட்டது. ஆர் விழுந்தது, எந்த ஊராள், எத்தனை மணிக்கு என்று ஆளுக்கொரு கேள்வி. யாரும் விழவில்லை என்று நான் சொல்லச் சொல்ல, மறைக்கிறேன் என்றே நினைத்தார்கள். ஒருத்தி தலைமயிரை அவிழ்த்து விட்டுக்கொண்டு ஒப்பாரிக்கு ஆயத்தமாகிவிட்டாள்.

இரண்டாம் நாள் அந்தக் கூட்டத்திலிருந்து கண்ணகை என்ற வயதான மனுசி மல்கமிடம் வந்தாள்.

"தம்பி, நீங்க தேடுற ஆளோட சேர்த்து என்ர மகனையும் ஒருக்காப் பாருங்க. தொண்ணூறாம் ஆண்டு இவடத்தாலதான் தோணியில போனவன்."

இருபது வருஷம். நான் வாயைத் திறந்தேன், மல்கம் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அவன் "ஓம் அம்மா" என்று சொல்லிவிட்டு இறங்கினான். இருபது நிமிஷம் கழித்து ஏறியபோது இரண்டு கையும் முழங்கை வரைக்கும் சேறு. கண்ணகை அந்தச் சேற்றைப் பார்த்து, தேடினான் என்று அறிந்து, திருப்தியாக வீட்டுக்குப் போனாள். ஓட்டோவில் மல்கம் கையைக் கழுவாமலே இருந்தான். வாவியில் நான்கு தடவை முடித்திருந்தான், நான்கிலும் தேடித்தான் இருந்தான்.

"இவடம் சரிவராது," என்றான்.

அடுத்தது உன்னிச்சைக் குளம். சுனாமி எட்டிப் பார்க்காத இடம், அதனால் அவனுடைய கைக்கும் அங்கே வேலை இருக்காது என்பது என்னுடைய யோசனை. அங்கே போவதற்கு முதல் நாள்தான் அந்தக் கடிதத்தைத் தயாரித்தேன். நீர்ப்பாசன இலாகாக் கந்தோருக்கு, ஆமிக் காம்புக்கு, கடலில் இறங்க நேவிக்கு என்று எல்லா இடத்துக்கும் ஒரே கடிதம், ஹோட்டல் தலைப்புத் தாளில், மூன்று மொழியில். "முறையான பயிற்சி பெற்ற இருவர் சுழியோடல் பயிற்சியில் ஈடுபட அனுமதி கோரல்." மல்கம் என்னிடம் சொன்னது, "பழகுறதுக்கு எண்டு எழுதுங்க" என்றுதான். பழகுவது என்ற சொல் கந்தோர்க் கடிதத்துக்கு லாயக்கில்லை என்று நானே மாற்றினேன். பெரிய படிப்பு!

குளக்கட்டுக்குப் போகும் வழியில் புஸ்பம் என்ற பெண்ணின் தேநீர்க் கடை. காம்புக்கு எந்தப் பாதை என்று விசாரித்தேன். எதற்கு என்றாள். "பயிற்சிக்கு இடம் பார்க்க வந்தம்" என்றேன்.

தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த கை நின்றுபோயிற்று. என்னை, சிலிண்டரை, கோணாமலையை என்று வரிசையாகப் பார்த்தாள். உள்ளே யாரோ ஒரு பிள்ளை பாடம் படிக்கும் சத்தம் கேட்டது. போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"பயிற்சியா? இன்னும் முடியல்லயா? எங்களிட்டக் குடுக்கப் புள்ளையள் இல்ல ஐயா. இரிந்ததெல்லாம் குடுத்திட்டம்."

அந்தப் பக்கம் முழுவதும் ஆமியோடு சண்டை பிடித்த இயக்கத்தின் கையில் பல வருஷம் இருந்த இடம். பயிற்சி என்றால் அங்கே ஒன்றுதான், ஆயுதப் பயிற்சி. பயிற்சிக்குப் போனவன், பயிற்சி எடுத்தவள், பயிற்சியிலிருந்து ஓடி வந்த பிள்ளை; ஆமிக்காரன் கேட்கும் கேள்வியும் அதேதான். மல்கம் குறுக்கே வந்து, "இல்ல அக்கா, தண்ணியோட கொஞ்சம் பழக வந்தம்," என்றதும் அவள் முகம் தெளிந்து, "பழகப் போறீங்களா? முதலை இரிக்கு, கவனம்," என்று சீனி கூடப் போட்டுத் தேநீர் தந்தாள். அன்றைக்கே வீட்டுக்கு வந்து கடிதத்தைத் திருப்பி எழுதியிருக்க வேண்டும். மூன்று மொழி, மூன்று பிரதி, ஹோட்டலில் மறுபடி கையெழுத்து. முழங்கால் வலி. நாளைக்குப் பார்ப்போம் என்று படுத்தேன்.

ஜூனிலிருந்து ஓகஸ்ட் முடியும்வரை சனி ஞாயிறு தவறாமல் உன்னிச்சை. நாளுக்கு ஒரு தடவை, சில நாள் இரண்டு. முதலையைக் கண்டால் தட்டுவதற்கு என்னிடம் ஒரு தகரப் பேணி. தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் இருக்கும். கீழே ஒன்றும் தெரியாது என்றுதான் இருவரும் சொன்னார்கள். ஆனால் மல்கமின் கை மெல்ல மெல்ல அடங்கியது. முதலில் கையைக் கக்கத்துக்குள் செருகிக்கொண்டு போனான். பிறகு பெல்ட்டைப் பிடித்துக்கொண்டான். இருபதாவது தடவையோ என்னவோ, கோணாமலை ஏறிவந்து, "இண்டைக்கு மல்கம் அண்ணன்ர கை அசையவே இல்ல ஐயா," என்று தானாக ஒரு வசனம் பேசினான். மேர்டிலுக்குச் சொன்னேன். அவள் அன்றைக்கு எங்கள் வீட்டுக்கு லவ்கேக் கொடுத்தனுப்பினாள், நத்தார்ப் பண்டிகையும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல்.

நான் கவனித்தது வேறொன்று. தண்ணீரிலிருந்து ஏறுகிற எவனும் சத்தத்தோடுதான் ஏறுவான். மல்கம் திமிங்கிலம் மாதிரி ஊதிக்கொண்டு வருவான். கோணாமலை வரும்போது தண்ணீரில் ஒரு வட்டம்கூட விழாது. நான் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் வரவும் மாட்டான். கட்டோரத்துப் பற்றையின் நிழலில் கண் மட்டும் வெளியே தெரியும். அந்தக் கண் முதலில் பார்ப்பது என்னையோ மல்கமையோ இல்லை, ரோட்டை. யாரும் இல்லையென்று கண்ட பிறகுதான் மற்ற உடம்பு வரும். கடலட்டை பிடிக்கிறவன் ரோட்டைப் பார்க்க வேண்டிய தேவை என்ன?

ஒரு நாள் கோணாமலை எட்டத்தில் உடுப்பு மாற்றும்போது மல்கமிடம் கேட்டேன்.

"பார்த்தியா?"

"பார்த்தன் ஐயா."

"கேக்கல்லயா?"

"என்னத்துக்கு?"

அதுவும் சரி. ஒருவன் தொண்ணூறுக்கும் இரண்டாயிரத்து நாலுக்கும் இடையில் எங்கே இருந்தான் என்று கேட்காமல் விடுவதுதான் எங்கள் பக்கத்து மரியாதை. தொண்ணூறில் இயக்கத்துக்குப் போனவர்களில் பலர், நாலாம் ஆண்டு அது பிளந்ததும் வீடு வந்து, வலையை எடுத்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு இருந்தார்கள். ஆமியிடம் பெயர் பதிந்தவர்கள் பதிந்தார்கள். பதியாதவர்கள் ஒவ்வொரு காவலரணிலும் நெஞ்சு அடித்துக்கொண்டு வாழ்ந்தார்கள். கோணாமலை பதியாதவன் என்பதை நான் யாரும் சொல்லாமலே அறிந்தேன். அவனுக்கு மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள்.

முப்பத்தேழு தடவை முடிந்தது. செப்டெம்பர் இரண்டாம் கிழமை நேவி அனுமதியும் வந்தது, மாங்கேணிக் கடலுக்கு. முதலில் அங்குள்ள முகாமில் கடிதத்தைக் காட்டிவிட்டு இறங்க வேண்டும். மூன்று தடவை பாக்கி. விடியப் புறப்பட்டு, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டோவில் குலுங்கிப் போய்ச் சேர்ந்தபோது என் முழங்கால் எனக்குச் சொந்தமில்லை.

முகாமில் இருந்த அதிகாரி நல்ல மனிதர். எனக்குக் கதிரை தந்தார். அவரும் களைத்தவர்தான், கண்ணுக்குக் கீழே பை தொங்கியது. என் கடிதத்தைச் சிங்களத்தில் ஒருமுறை வாசித்தார். இரண்டாம் முறை வாசிக்கும்போது விரல் ஒரு இடத்தில் நின்றது. "புஹுணுவ" என்று போட்ட இடம். பயிற்சி. கோணாமலையின் அடையாள அட்டையைக் கையில் எடுத்தார், முகவரியைப் பார்த்தார், அவனைப் பார்த்தார்.

"பயிற்சி பெற்றவர் என்று இருக்கிறது. எங்கே பெற்றார்? யாரிடம்? எந்த வருஷம்?"

அதைத் தமிழில் சொல்ல வேண்டியவன் நான். சொன்னேன். கடலட்டை என்று சொன்னால் எந்தக் கரை, எந்த முதலாளி, பாஸ் எங்கே என்று கேள்வி நீளும். ஒன்றுக்கும் தாள் இல்லை. கோணாமலை நிலத்தைப் பார்த்தபடி நின்றான். ஓடவும் முடியாது, பேசவும் முடியாது. ஒரு குடும்பத்தை நடுத்தெருவில் விடுவதற்கு என்னுடைய அழகான கையெழுத்துப் போதும் என்று அப்போதுதான் விளங்கியது.

மல்கம் முன்னால் வந்து, அவனுடைய பட்டறைச் சிங்களத்தில் பேசினான். இவனுக்கு ஒன்றுமே தெரியாது மாத்தயா, இவன் மீன்பிடிகாரன், ஜூன் மாதத்திலிருந்து நான்தான் சொல்லிக் கொடுக்கிறேன், அனுபவம் என்று ஹோட்டலில் சொன்னது என்னுடைய பொய், வேறு ஆள் கிடைக்காததால் சொன்ன பொய்.

நான் திடுக்கிட்டு அவனைப் பார்த்தேன். கோணாமலைக்கு ஒன்றும் தெரியாது என்றால், கொப்பியில் உள்ள முப்பத்தேழு கையெழுத்தும் தெரியாதவன் போட்ட கையெழுத்து. ஷேன் சொன்ன விதிப்படி முப்பத்தேழும் சேராது. மல்கமுக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை, எஞ்சினில் என்ன கோளாறு என்று சொல்கிற முகம்தான்.

"அப்படியென்றால் கடிதத்தில் ஏன் இப்படி?" என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார்.

"அது என் பிழை," என்றேன் சிங்களத்தில். "புருது வெனவா என்று எழுத வேண்டியது. பழகுவது. கந்தோர்ப் பழக்கத்தில் பெரிய சொல்லாகப் போட்டுவிட்டேன்." முப்பது வருஷத்தில் நான் உண்மையாகச் சொன்ன ஒரே விளக்கம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அவர் மூவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தொப்பியை எடுத்தார்.

"சரி. இறங்குங்கள். நான் பார்க்கிறேன்."

அதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. இரண்டு நேவிப் பொடியன்களோடு அவரும் கரைக்கு வந்தார். கோணாமலை என்னைக் கடந்து போகும்போது அவனுடைய காதுக்குப் பக்கமாக, "மெல்லமா வராத. சத்தம் போட்டு வா," என்றேன். கேட்டதா தெரியாது. இரண்டு பேரும் இறங்கினார்கள். முருகைக் கல் தொடங்கும் இடத்தில் தலைகள் மறைந்தன. குமிழிகள் இரண்டு வரிசையாகக் கிளம்பிக்கொண்டு போயின. அவன் பழைய பழக்கத்தில் எங்காவது கல்லின் நிழலில் சத்தமில்லாமல் கண்ணை மட்டும் காட்டினால் எல்லாம் முடிந்தது. நான் கும்பிடாத தெய்வம் இல்லை. மேர்டிலின் அந்தோனியாரையும் விடவில்லை.

ஒன்பதாவது நிமிஷத்தில் ஒரு வரிசைக் குமிழி குழம்பியது. பிறகு தண்ணீர் வெடித்தது. கோணாமலை இருமிக்கொண்டு, கண்ணாடி நெற்றிக்குப் போய், கையையும் காலையும் அடித்துக்கொண்டு மேலே வந்தான். மல்கம் அவனுடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துத் தூக்கியபடி, ஏதோ கத்திக்கொண்டு கரைக்கு இழுத்தான். கோணாமலை மணலில் விழுந்து, கடல் தண்ணீரை எல்லாம் வாந்தியெடுத்தான். நேவிப் பொடியன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரிக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"இவருக்கு இன்னும் கொஞ்சம் புருதுவாக வேண்டும்," என்றார்.

முகாமுக்குத் திரும்பி வந்து என் கடிதத்தில் பயிற்சி பெற்ற என்பதை வெட்டினார், பக்கத்தில் பழகுபவர் என்று என்னைக் கொண்டே எழுதுவித்தார், முத்திரை குத்தினார். அனுமதி எடுத்தது ஹோட்டல், ஆகவே ஒரு பிரதி அங்கே போகும் என்றார். போயிற்று. பத்தாம் நாள் ஷேன் மரியாதையாகப் பதில் எழுதியிருந்தான். மன்னிக்க வேண்டும், பழகுபவர் என்று நேவியே எழுதிய பிறகு அவருடைய கையெழுத்துகள் சேராது, இந்தப் பருவத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டோம், அடுத்த வருஷம் முதல் தடவையிலிருந்து தொடங்கலாம். மல்கம் அதை மடித்துப் பட்டறை மேசையின் ஆடுகிற காலுக்குக் கீழே வைத்தான். அடுத்த வருஷம் அவன் போகவில்லை. இன்றைக்கும் வெல்டிங்தான். ஒரு கண்ணுக்கு இப்போது கண்ணாடி தடித்துவிட்டது.

ஆனால் அன்றைக்குத் திரும்பி வரும்போது ஓட்டோவில் நடந்தது இது. மாங்கேணி தாண்டிக் காவலரண் ஒன்றும் கண்ணில் இல்லாத இடத்தில், எனக்கு மூச்சு வந்து, கோணாமலையின் முதுகில் தட்டினேன்.

"நல்லா நடிச்சாய் தம்பி."

அவன் தலையை ஆட்டினான். இல்லை என்று.

"நடிக்கல்ல ஐயா. நான் இறங்கினதெல்லாம் இருட்டுலதான். சொல்லிக் குடுத்ததும் இருட்டுல, போனதும் இருட்டுல. அதுக்கு மறுகா இந்த வாவியும் குளமும், அதுக்குள்ள என்னத்தத் தெரியும்? தண்ணிக்குள்ள என்ன இரிக்கு எண்டு இண்டைக்குத்தான் கண்டன். மஞ்சளும் கறுப்புமாக் கோடு போட்ட மீன் ஒண்டு, இத்தினியூண்டு, என்ர கண்ணாடிக்கு முன்னால வந்து நிண்டு என்னையே பார்த்திச்சு. பயமில்ல அதுக்கு. எனக்குச் சிரிப்பு வந்திட்டு. சிரிச்சதும் குழாய் வாயால களண்டு போச்சு, தண்ணி போயிட்டு. ஒண்டும் விளங்கல்ல, மேல எது கீழ எது எண்டும் தெரியல்ல. அண்ணன் கையப் பிடிக்காட்டி நான் அங்கயே செத்திருப்பன்."

அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதே இல்லை. பேசி முடித்துவிட்டு முகத்தை வெளிப்பக்கம் திருப்பிக்கொண்டான். தோள் குலுங்கியது. எனக்கும் கண் கலங்கியது, வயதாகிவிட்டது, மறைப்பதில்லை. ஓட்டமாவடிப் பாலம் தாண்டியதும், மல்கம் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கூப்பிட்டான்.

"கிளாக்கர் ஐயா."

"ஓம்."

"கொப்பிய எடுங்க. எழுதுங்க."

மடியில் கிடந்த சுழியோடல் கொப்பியை விரித்தேன். முப்பத்தெட்டாவது பக்கம். இனி எழுதி என்ன, எழுதாமல் விட்டு என்ன என்று நினைத்துக்கொண்டே பேனையைத் திறந்தேன். நோக்கம் என்ற இடத்தில் என்ன போட வேண்டும் என்று கேட்டேன்.

"இந்தக் கொப்பி மாதிரி இல்ல. வாவிக்கரையில எழுதின பழைய கொப்பி மாதிரி எழுதுங்க," என்றான் மல்கம். "ஆண். வயசு நாப்பது. நீலக் காற்சட்டை. இடம் மாங்கேணி." ஒரு பள்ளம் வந்தது, கியரைக் குறைத்தான். "உயிரோட."

எழுதினேன். ஓட்டோ குலுக்கியதில் அந்தக் கடைசிச் சொல் கோணலாக விழுந்தது.